நிரலுக்கும் சுழிப்பிழை உண்டு

திருகு அளவியைக் கையில் எடுத்ததும் நாம் முதலில் என்ன செய்கிறோம்? உடனே கம்பியின் விட்டத்தை அளக்கத் தொடங்கிவிடுவதில்லை. இரு முகங்களையும் ஒன்றோடொன்று தொடும்படி வைத்து, தலைக்கோலின் சுழி புரிக்கோலின் கோட்டுக்கு நேராக நிற்கிறதா என்று பார்க்கிறோம். நிற்கவில்லையென்றால் அந்த வேறுபாட்டைக் குறித்துக்கொண்டு, பின்னர் எடுக்கும் ஒவ்வோர் அளவிலும் திருத்தம் செய்கிறோம். சுழிப்பிழை பார்க்காமல் எழுதிய ஆய்வேட்டில் எந்த ஆசிரியரும் கையெழுத்திடமாட்டார்.

இன்றைய ஆராய்ச்சியில் திருகு அளவியின் இடத்தில் பெரும்பாலும் இருப்பது கணிப்பொறி நிரல். விண்மீனின் ஒளியைப் பகுப்பதும், படிகத்தின் அமைப்பைக் கணக்கிடுவதும், மழையை முன்கூட்டிச் சொல்வதும் நிரல்களே. அவற்றுக்குச் சுழிப்பிழை பார்ப்பவர் யார்? நெடுங்காலமாக இக்கேள்விக்குத் தெளிவான விடை இல்லை. நிரல் தந்த முடிவுகளைக் கட்டுரையாக்கி ஆராய்ச்சி இதழுக்கு அனுப்புவார்கள். மதிப்பீட்டாளர் கட்டுரையைப் படிப்பார். நிரலோ எழுதியவரின் மேசையிலேயே தங்கிவிடும். நிரலையே இதழுக்கு அனுப்பி, வேறொருவர் கையில் கொடுத்துச் சோதிக்கச் செய்யும் முறை ஒன்று இப்போது வழக்கத்துக்கு வந்திருக்கிறது. அதைப் பற்றித்தான் இக்கட்டுரை.

முதலில் என் சொந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். நான் எம்.எஸ்ஸி. படித்தபோது எடுத்துக்கொண்ட ஆய்வுத் திட்டம் ஐசிங் மாதிரி. சதுரக் கட்டங்களின் ஒவ்வொரு மூலையிலும் ஒரு சிறு காந்தம் இருப்பதாகக் கொள்ளுங்கள். அது மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ மட்டுமே நிற்கும். ஒவ்வொன்றுக்கும் நான்கு அண்டை வீட்டார். வெப்பநிலை தாழ்ந்திருக்கும்போது எல்லாம் ஒரே திசையில் நிற்க விரும்பும். வெப்பநிலை ஏறினால் ஒழுங்கு குலையும். எந்த வெப்பநிலையில் குலைகிறது என்பதை லார்ஸ் ஆன்சாகர் 1944-இல் கணித முறையில் துல்லியமாகக் கண்டுபிடித்துவிட்டார். வழக்கமான அலகுகளில் அது 2.269. என் நிரலில் 2.1-க்கு அருகில் வந்தது.

எனக்குக் கவலை ஏற்படவில்லை. பத்துக்குப் பத்து என்ற சிறிய வலையில் கணக்கிட்டதால் ஏற்பட்ட விலகல் என்று ஒரு பத்தி எழுதினேன். படிப்பதற்கு அது நியாயமாகவே இருந்தது. நிரலைப் பின்னிணைப்பாகச் சிறிய எழுத்தில் அச்சிட்டுச் சேர்த்திருந்தேன். புறத்தேர்வாளர் அந்தப் பக்கங்களைப் புரட்டினார், படிக்கவில்லை. நல்ல மதிப்பெண் கிடைத்தது.

பல ஆண்டுகளுக்குப் பின், அதே நிரலை என் மாணவி ஒருவரிடம் பயிற்சிக்காகக் கொடுத்தேன். இரண்டாம் நாளே அவர் வந்து, "சார், வலது ஓரத்தில் இருக்கும் காந்தத்துக்கு மூன்று அண்டை வீட்டார்தானே வருகிறது?" என்று கேட்டார். சிறிய வலையைக் கொண்டு பெரிய பொருளைப் போலக் கணக்கிட வேண்டுமானால், பாயைச் சுருட்டுவதுபோல் இடது ஓரத்தை வலது ஓரத்தோடும், மேல் ஓரத்தைக் கீழ் ஓரத்தோடும் இணைத்துவிட வேண்டும். நான் மேலையும் கீழையும் இணைத்திருந்தேன். இடத்தையும் வலத்தையும் இணைக்க மறந்திருந்தேன். வலை சிறியது என்பது காரணமே அல்ல. கருவியிலேயே பிழை, அதற்கு நான் ஓர் அழகான விளக்கமும் எழுதி வைத்திருந்தேன்!

என் திட்டத்தினால் உலகுக்கு ஒரு கேடும் வந்துவிடவில்லை. ஆனால் இதே வகைப் பிழை பெரிய ஆய்வகங்களில் நேர்ந்தால் என்ன ஆகும்?

நீரைப் பற்றி ஏழாண்டு வழக்கு

தூய நீரைக் கவனமாகக் குளிர்வித்தால் சுழி டிகிரி செல்சியசுக்குக் கீழே பல டிகிரி வரையிலும் அது உறையாமல் நீர்மமாகவே இருக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த மீக்குளிர்ந்த நிலையில், அடர்த்தி மிகுந்தது, அடர்த்தி குறைந்தது என இரு வேறு நீர்மங்களாக நீர் பிரியக்கூடும் என்று 1992-இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒரு குழு கணிப்பொறிக் கணக்குகளின் அடிப்படையில் கூறியது. ஆய்வுக்கூடத்தில் இதைச் சோதிப்பது மிகக் கடினம், ஏனெனில் அந்த நிலைமைகளில் நீர் கண்ணிமைக்கும் நேரத்தில் பனிக்கட்டியாகிவிடும். ஆகவே வழக்கைக் கணிப்பொறிதான் விசாரிக்க வேண்டியிருந்தது.

2011-இல் பெர்க்கிலியில் டேவிட் சாண்ட்லரும் டேவிட் லிம்மரும் தங்கள் கணக்கை வெளியிட்டனர். இரண்டாவது நீர்மம் என்று ஒன்று இல்லை, அப்படித் தோன்றுவது பனிக்கட்டியாக மாறுவதன் தொடக்கமே என்பது அவர்கள் முடிவு. பிரின்ஸ்டனில் பாப்லோ டெபெனடெட்டியின் குழுவோ, அதே நீர் மாதிரியை எடுத்துக்கொண்டு கணக்கிட்டு இரண்டு நீர்மங்கள் உண்டு என்றது. 2014-இல் 'நேச்சர்' இதழில் அது வெளிவந்தது. இரு தரப்பிலும் தேர்ந்த அறிஞர்கள். ஒரே மாதிரி, ஒரே இயற்பியல் விதிகள், எதிரெதிரான விடைகள். கட்டுரைக்குப் பதில் கட்டுரை, அதற்கு மறுப்பு என்று ஆண்டுகள் ஓடின.

வழக்கின் முடிச்சு எங்கே அவிழ்ந்தது தெரியுமா? ஒரு தரப்பின் நிரல் மறு தரப்பின் கைக்கு வந்தபோது. பெர்க்கிலி நிரலை வரிவரியாகப் படித்த மறுதரப்பினர், கணக்கின் ஒவ்வொரு கட்டத்தின் தொடக்கத்திலும் மூலக்கூறுகளுக்கு வேகத்தை ஒதுக்கும் பகுதியில் பிழை இருப்பதாகக் கண்டு, அதை 2018-இல் வெளியிட்டனர். மாக்ஸ்வெல்-போல்ட்ஸ்மன் பரவலின்படி அமைய வேண்டிய வேகங்கள் அவ்வாறு அமையவில்லை. அப்பகுதியைத் திருத்தினால் இரண்டு நீர்மங்களும் தோன்றுகின்றன என்று அவர்கள் காட்டினர். சாண்ட்லர் இதைக் காண உயிரோடு இல்லை; 2017-இல் காலமாகிவிட்டார். கருத்து வேறுபாடு எனக் கருதப்பட்டதன் பெரும்பகுதி, நிரலின் சில வரிகளைப் பற்றியதாக முடிந்தது. தொடக்கத்திலேயே நிரல்கள் இரண்டும் பொதுவில் இருந்திருந்தால் ஏழாண்டுகள் தேவைப்பட்டிருக்குமா?

இன்னொன்றையும் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்காவில் புரதங்களின் அமைப்பை ஆராய்ந்த ஜெஃப்ரி சாங் என்பவர், 2006-இல் தம் ஐந்து கட்டுரைகளைத் திரும்பப் பெற நேர்ந்தது. அவற்றில் மூன்று 'சயின்ஸ்' இதழில் வந்தவை. ஆய்வகத்துக்குள்ளேயே புழங்கிவந்த ஒரு நிரல், அளவீடுகளின் ஒரு குறியை மாற்றிவிட்டது. புரதத்தின் வடிவம் கண்ணாடியில் தெரியும் பிம்பம்போல் இடவலம் மாறிப்போயிற்று. கட்டுரையை எத்தனை முறை படித்தாலும் இந்தப் பிழை கண்ணில் படாது. ஏனென்றால் அது கட்டுரையில் இல்லை.

நிரலுக்கென ஓர் இதழ்

இந்தக் குறையைப் போக்க எடுக்கப்பட்ட முயற்சிகளுள் ஒன்று, 2016 மே மாதத்தில் தொடங்கிய 'ஜர்னல் ஆஃப் ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர்' என்ற இதழ். சுருக்கமாக 'ஜாஸ்' என்பார்கள். தொடங்கியவர்களுள் முதன்மையானவர் ஆர்ஃபன் ஸ்மித். இணையத்தில் மட்டுமே வெளிவருகிறது. படிக்கக் கட்டணம் இல்லை. கட்டுரை அனுப்புகிறவர்களிடமும் ஒரு காசு வாங்குவதில்லை. பதிப்பாசிரியர்களும் மதிப்பீட்டாளர்களும் ஊதியமின்றி உழைக்கிறார்கள்.

இதைச் சற்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. "உங்கள் கட்டுரையை ஒரே வாரத்தில் வெளியிடுவோம், இவ்வளவு பணம் அனுப்புங்கள்" என்னும் கடிதங்கள் என்னைப் போன்ற கல்லூரி ஆசிரியர்களின் மின்னஞ்சலில் நாள்தோறும் குவிகின்றன. பதவி உயர்வுக்குக் கட்டுரை எண்ணிக்கை வேண்டும் என்ற நெருக்கடியில் பணம் கட்டிவிடுகிறவர்களையும் அறிவேன். பணம் இல்லாமல், ஆனால் கடுமையான சோதனைக்குப் பின் கட்டுரை வெளியிடும் இடங்களும் இருக்கின்றன என்பது நம் மாணவர்களுக்குத் தெரிய வேண்டும்.

இதழ் தோன்றியதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஆராய்ச்சி உலகில் ஒருவரின் உழைப்புக்கு அங்கீகாரம், பிறர் தம் கட்டுரைகளில் அவரது கட்டுரையை மேற்கோளாகக் குறிப்பிடுவதே. ஓராண்டு உழைத்து நல்ல நிரல் எழுதி, அதை ஆயிரம் பேர் பயன்படுத்தினாலும், குறிப்பிடுவதற்குக் கட்டுரை என்று ஒன்று இல்லையென்றால் எழுதியவர் கணக்கில் எதுவும் சேராது. ஜாஸ் இதற்கு ஓர் எளிய வழி கண்டது. நிரலை முழுமையாகச் சோதிப்போம். அதற்கு அடையாளமாக ஒரு சிறு கட்டுரையை வெளியிடுவோம். பிறர் அதை மேற்கோள் காட்டட்டும். வானியலார் தங்கள் அளவுகளின் ஐயப்பாட்டை வரைபடமாக்கப் பயன்படுத்தும் 'கார்னர்' என்ற நிரல் முதல் ஆண்டிலேயே இவ்வாறு வெளியாயிற்று. புள்ளிவிவரப் படங்கள் வரையும் 'சீபார்ன்' 2021-இல் வந்தது. இவற்றைப் பயன்படுத்தும் நம் மாணவர்கள் பலருக்கு இப்படியொரு கட்டுரை இருப்பதே தெரியாது.

அனுப்புவதற்கு முன்

நீங்கள் ஒரு நிரல் எழுதியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதை இவ்விதழுக்கு அனுப்பலாமா? முதலில் பார்க்க வேண்டியது உரிமம்.

திறமூலம் என்றால் மூலநிரலை எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் வைத்துவிடுவது என்று பலர் எண்ணுகிறார்கள். அது போதாது. நீங்கள் எழுதியதன் பதிப்புரிமை எழுதிய கணமே உங்களுடையதாகிவிடுகிறது. வெளிப்படையான அனுமதி இல்லாமல் அதைப் படியெடுக்கவோ, மாற்றவோ, பிறருக்குக் கொடுக்கவோ மற்றவர்க்கு உரிமை இல்லை. கடைவீதியில் கண்ணாடிப் பெட்டிக்குள் பண்டம் வைத்ததுபோல், பார்க்கலாம், தொட முடியாது. ஆகவே நிரலோடு ஓர் உரிமக் கோப்பும் இருக்க வேண்டும். 1998-இல் அமைந்த திறமூல முன்னெடுப்பு என்ற அமைப்பு ஏற்றுக்கொண்டுள்ள உரிமங்களுள் ஒன்றாக அது இருக்க வேண்டும் என்பது விதி. எம்.ஐ.டி. உரிமம், பி.எஸ்.டி. உரிமம், ஜி.பி.எல். ஆகியவை பரவலாக வழங்குபவை. "கல்விப் பணிக்கு மட்டும்", "வணிகத்துக்குப் பயன்படுத்தலாகாது" என்று நாமாக எழுதிச் சேர்த்தால் அது திறமூலமே ஆகாது. நல்ல எண்ணத்தோடு அப்படி எழுதுகிறவர்கள் ஏராளம்.

அடுத்து, நிரல் இருக்குமிடம். கிட்ஹப் போன்ற பொதுக் களஞ்சியத்தில் அது இருக்க வேண்டும். யாரும் பெயர் பதியாமலே மூலநிரலைப் படிக்கவும் படியெடுக்கவும் முடிய வேண்டும். பிழை கண்டவர் எவருடைய ஒப்புதலுக்கும் காத்திராமல் அதைப் பதிவு செய்யவும் இயல வேண்டும்.

பிறகு, நிரல் ஆராய்ச்சிக்கு உதவுவதாகவும், அரைகுறையாக இல்லாமல் முடிந்ததாகவும், ஓரளவு உழைப்பு கொண்டதாகவும் இருக்க வேண்டும். ஒருவர் ஏறத்தாழ மூன்று மாதம் உழைத்தால் வரக்கூடிய பணி, ஆயிரம் வரிகளுக்குக் குறையாத நிரல் என்பதைப் பல ஆண்டுகள் வழிகாட்டியாக வைத்திருந்தார்கள். வரிகளை எண்ணுவது நல்ல அளவுகோலா என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் அந்த ஐயம் உண்டு. அறிவாளி நூறு வரியில் முடிப்பதை மற்றவர் ஆயிரம் வரியில் எழுதுவார். ஆகவே எண்ணிக்கையை வைத்து மட்டும் அவர்கள் முடிவு செய்வதில்லை; குறைவாக இருந்தால் கூடுதலாக விசாரிப்பார்கள்.

கட்டுரையில் என்ன எழுதுவது?

இங்கேதான் நம்மவர்கள் தடுமாறுகிறார்கள். ஆராய்ச்சிக் கட்டுரை என்றதும் இருபது பக்கம், முன்னுரை, முடிவுரை, முப்பது சமன்பாடுகள் என்று நினைத்துக்கொள்கிறோம். இவ்விதழின் கட்டுரை சில பக்கங்களே கொண்டது. அதில் உங்கள் ஆராய்ச்சி முடிவுகளை எழுதக்கூடாது. நிரலின் ஒவ்வொரு கட்டளையையும் விளக்கவும் கூடாது. விளக்கம் நிரலோடு இருக்கும் கையேட்டில் இருக்க வேண்டியது.

முதலில் ஒரு சுருக்கம். அது உங்கள் துறையைச் சேராதவருக்கும் புரிய வேண்டும். அடுத்து 'தேவைக் கூற்று' என்று ஒரு பகுதி. கட்டுரையின் உயிர் இதுவே. இந்த நிரல் எந்தச் சிக்கலைத் தீர்க்கிறது, யாருக்காக எழுதப்பட்டது, இதே வேலையைச் செய்யும் வேறு நிரல்கள் இருக்கும்போது இது எதற்கு? நேர்மையாக விடை சொல்ல வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. "இந்நிரல் காமா கதிர்களின் நிறமாலையைப் பகுக்க உதவும் சிறந்த, எளிய, வேகமான கருவி" என்று ஒருவர் எழுதுகிறார். இதிலிருந்து நாம் அறிவது ஒன்றுமில்லை. அதையே, "கல்லூரி ஆய்வகங்களில் உள்ள சோடியம் அயோடைடு உணர்கருவி தரும் நிறமாலையில் சிகரங்கள் அகன்று ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. இப்போதுள்ள நிரல்கள் கூர்மையான சிகரங்களைத் தரும் ஜெர்மானியம் கருவிகளுக்கென எழுதப்பட்டவை. அகன்ற சிகரங்களைப் பிரிக்கவும், பிரிப்பில் உள்ள ஐயப்பாட்டைத் தெரிவிக்கவும் இந்நிரல் எழுதப்பட்டது" என்று எழுதிப் பாருங்கள். யாருக்கு, எதற்கு, வேறு எதனோடு ஒப்பிட்டு என்பது மூன்று வாக்கியத்தில் வந்துவிட்டது. (இது நானாகக் கற்பனை செய்த எடுத்துக்காட்டு, இப்படி ஒரு நிரலைத் தேடி அலைய வேண்டாம்.)

கட்டுரை ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும். ஆனால் நடையழகை யாரும் எதிர்பார்ப்பதில்லை. தமிழ்வழி படித்த மாணவர் இதனால் தயங்கக் காரணமே இல்லை. குறுகிய, தெளிவான வாக்கியங்கள் போதும். கட்டுரையை 'மார்க்டவுன்' என்னும் எளிய எழுத்துக் குறியீட்டு முறையில் ஒரு கோப்பாகவும், மேற்கோள் நூல்களின் பட்டியலை இன்னொரு கோப்பாகவும் அமைத்து நிரலின் களஞ்சியத்திலேயே வைக்க வேண்டும். நிரலையோ கட்டுரையையோ எழுதச் செயற்கை நுண்ணறிவுக் கருவியின் துணையைப் பெற்றிருந்தால் அதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். இவை முடிந்ததும் இதழின் தளத்தில் ஒரு சிறு படிவம், அவ்வளவே.

திறந்த மன்றத்தில் சோதனை

வழக்கமான இதழ்களில் மதிப்பீடு மூடிய அறைக்குள் நடக்கும். மதிப்பீட்டாளர் யாரென்று நமக்குத் தெரியாது. சில மாதங்கள் கழித்து ஒரு முடிவு வரும். ஜாஸ் இதழில் எல்லாமே கிட்ஹப்பில், எவரும் படிக்கும்படி நடக்கிறது. மதிப்பீட்டாளரின் பெயரும் தெரியும், அவர் கேட்கும் கேள்வியும் தெரியும், நீங்கள் சொல்லும் பதிலும் தெரியும். கட்டுரை அனுப்பும் எண்ணம் இல்லாதவர்கள்கூட இந்த உரையாடல்களைப் படிக்கலாம். நிரல் எழுதக் கற்கும் மாணவர்களுக்கு இதைவிட நல்ல பாடநூல் கிடையாது என்பது என் கருத்து.

முதலில் ஒரு முன்னாய்வு. இதில் ஒரு தானியங்கி உதவுகிறது. நிரலில் எத்தனை வரிகள், எந்த மொழிகள், மேற்கோள்களின் எண்கள் சரியாக உள்ளனவா என்பதையெல்லாம் அது எண்ணிச் சொல்லிவிடும். கட்டுரையை அச்சு வடிவில் காண வேண்டுமென்று ஒரு வரி எழுதினால் அதையும் செய்து தரும். பின்னர் பதிப்பாசிரியர் ஒருவர் பொறுப்பேற்று, பொதுவாக இரண்டு மதிப்பீட்டாளர்களைத் தேடிப் பிடிப்பார். காலம் பிடிப்பது பெரும்பாலும் இங்கேதான். ஊதியமில்லாத வேலைக்கு ஆள் கிடைப்பது எளிதா?

மதிப்பீட்டாளர் கையில் ஒரு சரிபார்ப்புப் பட்டியல் இருக்கும். அவர் அதில் ஒவ்வொன்றாகக் குறியிட்டு வருவார். அவர் செய்யும் முதல் வேலை, கையேட்டில் சொன்னபடி நிரலைத் தம் கணிப்பொறியில் நிறுவிப் பார்ப்பது. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் பெரும்பாலான நிரல்கள் முதலில் இடறுவது இங்கேயே. "என் கணிப்பொறியில் ஓடுகிறதே" என்பது நிரல் எழுதுபவர்களின் பழைய புலம்பல். நம் கணிப்பொறியில் என்றோ நிறுவிய துணை நிரல்கள் பல இருக்கும். அவை தேவை என்பதையே நாம் மறந்திருப்போம். சமையற்குறிப்பு எழுதுபவர் உப்பைக் குறிப்பிட மறப்பதுபோல்தான்.

நிறுவியபின், நீங்கள் செய்யும் என்று சொன்னதை நிரல் செய்கிறதா என்று ஓட்டிப் பார்ப்பார். எடுத்துக்காட்டுகள் இருக்கின்றனவா? புதிதாக வருபவர் பிழையைத் தெரிவிக்கவோ, தாமும் பங்களிக்கவோ வழி சொல்லியிருக்கிறதா? குறை கண்டால் உங்கள் களஞ்சியத்திலேயே அதைப் பதிவு செய்வார். நீங்கள் திருத்துவீர்கள், அவர் மீண்டும் பார்ப்பார். ஏற்பதா தள்ளுவதா என்று தீர்ப்பு எழுதுவதைவிட, நிரலைத் தேற்றிக் கரையேற்றுவதே இங்கு நோக்கம்.

பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. நிரலைச் சரிபார்க்கத் தானாக ஓடும் சோதனைகள் இருக்கின்றனவா என்ற கேள்வி. இதுதான் நாம் தேடிய சுழிப்பிழை பார்க்கும் முறை. விடை முன்கூட்டியே தெரிந்த ஒரு சிறு கணக்கை நிரலிடம் கொடுத்து, அதே விடை வருகிறதா என்று பார்ப்பதுதான் சோதனை.

என் பழைய ஐசிங் நிரலையே எடுத்துக்கொள்வோம். இரண்டுக்கு இரண்டு என்ற மிகச் சிறிய வலை. நான்கே காந்தங்கள். ஒவ்வொன்றும் இரு திசையில் நிற்கலாம் என்பதால் மொத்தம் 16 நிலைகள். ஓரங்களைச் சரியாக இணைத்திருந்தால் ஒவ்வொரு காந்தத்துக்கும் நான்கு பிணைப்புகள். நான்கு காந்தங்களுக்கு 16. ஒரு பிணைப்பை இருவர் பகிர்வதால் பாதியாக்க, 8. எல்லாம் ஒரே திசையில் நிற்கும்போது ஆற்றல் -8 அலகு. அப்படிப்பட்ட நிலைகள் இரண்டு. அண்டைக் காந்தங்கள் எதிரெதிராக நிற்கும் நிலைகள் இரண்டு. அவற்றின் ஆற்றல் +8. எஞ்சிய 12 நிலைகளுக்கும் ஆற்றல் சுழி. காகிதத்தில் எழுதிப் பாருங்கள், பத்து நிமிடத்தில் முடியும்.

என் பிழையான நிரலில் இடவலப் பிணைப்புகள் இரண்டு விடுபட்டிருந்தன. மொத்தம் 6 பிணைப்புகளே. ஆகவே மிகக் குறைந்த ஆற்றலாக அது -6 என்று சொல்லியிருக்கும். ஒரே பார்வையில் பிழை வெளிப்பட்டிருக்கும். பத்து வரிகளில் எழுதக்கூடிய இந்தச் சோதனையை நான் எழுதவில்லை. எழுத வேண்டும் என்று என்னிடம் யாரும் சொல்லவுமில்லை. ஆய்வகத்தில் திருகு அளவிக்கு அவ்வளவு கண்டிப்பாக இருந்த எங்கள் ஆசிரியர்களுக்கும் நிரல் ஒரு கருவி என்ற எண்ணம் அப்போது தோன்றவில்லை.

ஏற்றுக்கொண்ட பின்

மதிப்பீட்டாளர்கள் நிறைவடைந்ததும் இன்னும் ஒரு வேலை இருக்கிறது. நிரல் என்பது கல்வெட்டு அல்ல; இன்று திருத்துவோம், நாளை மாற்றுவோம். சோதிக்கப்பட்டது எந்த வடிவம் என்பதற்குச் சான்று வேண்டாமா? ஆகவே அந்த வடிவத்துக்கு ஒரு வெளியீட்டு எண் கொடுத்து, அதன் முழுப் படியையும் ஒரு நிலையான காப்பகத்தில் வைக்கச் சொல்கிறார்கள். பலர் பயன்படுத்துவது 'ஜெனோடோ'. ஜெனீவாவுக்கு அருகில் உள்ள செர்ன் ஆராய்ச்சி நிலையம் 2013 முதல் நடத்திவரும் காப்பகம் இது. இதற்கும் கட்டணம் இல்லை.

காப்பகம் ஒரு டி.ஓ.ஐ. எண் தரும். இணைய முகவரிகள் வாடகை வீட்டு முகவரிபோல் அடிக்கடி மாறுபவை. டி.ஓ.ஐ. அப்படியன்று, பொருள் எங்கே இடம் மாறினாலும், புதிய இடத்தைப் பதிவேட்டில் குறித்துவிட்டால் பழைய எண்ணே நம்மை அங்கே கொண்டு சேர்க்கும். காப்பகத்தில் உள்ள நிரலுக்கு ஓர் எண், இதழில் வரும் கட்டுரைக்கு வேறோர் எண். கட்டுரையில் மதிப்பீட்டு உரையாடலுக்கும் வழி காட்டப்பட்டிருக்கும். பதிப்புரிமை உங்களிடமே இருக்கும். பெயரைக் குறிப்பிட்டு யாரும் அதைப் பயன்படுத்தலாம்.

இம்முறையில் குறைகளே இல்லையா? இருக்கின்றன. மதிப்பீட்டாளர் நிரலின் ஒவ்வொரு வரியையும் படிப்பார் என்பதற்கு உறுதி இல்லை. பத்தாயிரம் வரி நிரலை யாரால் அப்படிப் படிக்க முடியும்? நிரல் நன்றாக அமைந்திருக்கிறது, சோதனைகள் ஓடுகின்றன என்று சொல்லலாம். அதில் பிழையே இல்லை என்று சான்று தர முடியாது. ஆனால் நிரலும் சோதனைகளும் பொதுவில் இருப்பதால், இன்று தப்பிய பிழையை நாளை வேறொருவர் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. நீரைப் பற்றிய வழக்கில் இல்லாமற்போனது அந்த வழிதான்.

கல்லூரி ஆசிரியர்களுக்கு ஒரு செய்தி. பாடம் நடத்த எழுதிய நிரல்களுக்கும் கணிப்பொறிப் பயிற்சிப் பாடங்களுக்கும் இதே முறையில் 2018 முதல் ஓர் உடன்பிறப்பு இதழ் நடந்துவருகிறது. 'ஜர்னல் ஆஃப் ஓப்பன் சோர்ஸ் எஜுகேஷன்' என்று பெயர். அலைகளின் மேற்பொருந்துதலை விளக்கவோ ஊசலின் கணக்கைக் காட்டவோ நல்ல பாடத்தொகுப்பு ஒன்றை வைத்திருப்பவர்கள் அதைப் பார்க்கலாம்.

என் ஐசிங் நிரல் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நூற்று எண்பது வரி. எந்த இதழுக்கும் போதாது, அனுப்பவும் இல்லை. மாணவி ஓரத்தைத் திருத்தினார். எம்.ஐ.டி. உரிமத்தைச் சேர்த்து, இரண்டுக்கு இரண்டு வலைச் சோதனையையும் எழுதி, அவர் பெயரையும் என் பெயரையும் இட்டுப் பொதுக் களஞ்சியத்தில் வைத்திருக்கிறோம். நாற்பதுக்கு நாற்பது வலையில் ஓட்டினால் ஒழுங்கு குலையும் இடம் இப்போது 2.3-ஐ ஒட்டி வருகிறது. எஞ்சியிருக்கும் சிறு விலகலுக்குக் காரணம், இம்முறை உண்மையாகவே, வலை சிறியதாக இருப்பதுதான்.